நூற்று முப்பத்தேழு தலைகள்

ஆம்புலன்ஸ் கவரைப்பேட்டையைத் தாண்டிவிட்டது என்று மகன் அன்பு போனில் சொன்னபோது, கிரேஸ் நாற்காலி மேல் ஏறி நின்று கண்ணாடி அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். புருஷன் எட்வர்ட் பிணமாக வந்துகொண்டிருக்கிறான், பெண்டாட்டி பொம்மை இறக்கிக்கொண்டிருக்கிறாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படக்கூட அவளுக்கு நேரமில்லை. மணி ஒன்றரை. பாஸ்டர் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

மொத்தம் நூற்று முப்பத்தேழு பொம்மைகள். எட்வர்ட் சிப்காட்டில் பழைய பிளாஸ்டிக் அரைக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வந்து இறங்கும் மூட்டைகளுக்குள் வாளியும் டிவி மேலோடுமாகக் கிடக்கும் குப்பையோடு அந்தக் காலத்துப் பொம்மை வீரர்களும் வருவார்கள். முட்டி மடங்கும், இடுப்பு திரும்பும், கை எதையோ பிடிக்கப் போகிற மாதிரி வளைந்திருக்கும். மற்றவர்கள் மெஷினில் தள்ளியதை எட்வர்ட் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வருவான். உள்ளங்காலில் வருஷம் பொறித்திருக்கும். அதைப் பார்த்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, வருஷ வரிசைப்படி நிறுத்துவான். நிறுத்திவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பான். கிரேசுக்கு அதில் துளியும் பிடிப்பில்லை. சோபா போடவேண்டிய இடத்தை அலமாரி அடைத்துக்கொண்டது என்ற ஆத்திரம் அவளுக்குப் பதினைந்து வருஷத்து ஆத்திரம். ஒரு பொம்மையைக்கூட அவள் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

ஆபத்து வந்தது இரண்டு வருஷம் முன்னால். வீட்டு ஜெபத்துக்கு வந்த பாஸ்டர் அலமாரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கொம்பு வைத்த முகம், மண்டையோட்டு முகம், பச்சைத் தோல்காரன், நாலு கைக்காரன். "இது வெறும் பொம்மதான் பாஸ்டர், இதுக்கு யாரு ஊதுவத்தி ஏத்தறா?" என்று எட்வர்ட் சிரித்தான். பாஸ்டர் சிரிக்கவில்லை. இது இருக்கிற வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், சொன்னபடியே வரவில்லை. சபையின் கல்லறைத் தோட்டத்துச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. போன வருஷம் ஒரு பெரியவர் சாவுக்கு, மகன் வீட்டில் ஜாதகம் பார்த்தார்கள் என்று தெரிந்ததும், பெட்டியை வெயிலில் மூன்று மணி நேரம் கேட்டுக்கு வெளியே காக்கவைத்தார். அந்தப் பெட்டியின் மேல் யாரோ குடை பிடித்துக்கொண்டு நின்றதை கிரேஸ் பார்த்தாள். காலையிலிருந்து அந்தக் குடைதான் அவள் கண்ணுக்குள் நிற்கிறது.

எட்வர்டின் அண்ணன் பாக்கியநாதன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஆவலியா கிரேசு? பாஸ்டரு, உள்ள அது ஒண்ணு கண்ல பட்டாலும் வாசல்லேர்ந்தே திரும்பிப் போய்க்கினே இருப்பேன்னாரு. தம்பிய எங்கமா கொண்டும்போய் வெக்கிறது?"

"ஆவுது மாமா. நீங்க வேற பேஜார் பண்ணாதீங்க."

அந்த நேரத்தில்தான் கம்பெனியிலிருந்து பூவம்மாளும் திலகவதியும் வந்தார்கள். எட்வர்டோடு ஒரே ஷெட்டில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கிறவர்கள். பூவம்மாள் வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கிரேஸ் அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"அக்கா, அப்பறம் அழுவலாம். இத்த எல்லாம் உள் ரூமுக்கு எடுத்துக்கினு போய் சாக்குல போட்டுக் கட்டில் கீழ தள்ளிடுங்க. பாஸ்டர் வர்றதுக்குள்ள."

"நீ போ கிரேசு, நாங்க பாத்துக்கறோம்" என்றாள் திலகவதி, மூக்கைச் சிந்திக்கொண்டே.

ஆம்புலன்ஸ் வந்தது. ஐஸ் பெட்டியை அலமாரிக்கு முன்னால்தான் வைக்க முடிந்தது, வேறு இடமில்லை. மூன்று நாள் முன்பு டியூட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த எட்வர்ட், தாடை கட்டப்பட்டு, தலை வாரிவிடப்பட்டுப் படுத்திருந்தான். அவனுக்குப் பின்னால் தட்டுகள் வெறுமையாக இருந்தன. தூசி படிந்த கண்ணாடியில் ஜோடி ஜோடியாகக் கால் தடங்கள். கிரேஸ் முந்தானையால் அவற்றையும் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்தது ஒரேயடியாக வந்தது.

அரை மணி நேரம் போயிருக்கும். சாக்கைத் தள்ளியாயிற்றா என்று பார்க்க உள் அறைக்குப் போனவள் நிலைப்படியிலேயே நின்றாள்.

பூவம்மாளும் திலகவதியும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். "மவராசன், ஒரு நாள் ஒரு சொல்லு கடிஞ்சி சொன்னதில்லையே" என்று பூவம்மாள் ராகம் போட்டு அழ, அவள் கை ஒரு வீரனின் கழுத்தைப் பிடித்து ஒரு திருகு, ஒரு இழுப்பு. தலை இந்தப் பக்கம், உடம்பு அந்தப் பக்கம். பார்க்கக்கூட இல்லை. அடுத்தது. ஒரு சாக்கில் தலைகள், இன்னொன்றில் உடம்புகள்.

பதினெட்டு வருஷமாக அந்தக் கைகள் செய்கிற வேலை அது. உடம்பு கெட்டிப் பிளாஸ்டிக், தலை மெத்துப் பிளாஸ்டிக். கலந்து அரைத்தால் லோடு மொத்தமும் பாழ். சாக்கு என்றதும் கை தன்பாட்டுக்குப் பிரிக்க ஆரம்பித்துவிட்டது.

"அக்கா!" என்றாள் கிரேஸ்.

பூவம்மாள் நிமிர்ந்தாள். கிரேசின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். கையில் ஒரு வெண்தாடிக் கிழவனின் தலை இருந்தது.

"ஐயோ" என்றாள் மெதுவாக. "ஐயோ கிரேசு. நா இன்னா பண்ணிக்கினு கீறேன்?"

முழுசாக ஒன்றுகூட மிச்சமில்லை. கிரேசுக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. அதே சமயம் தானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மடியில் விழுந்து அழவேண்டும்போலவும் இருந்தது. இரண்டில் ஒன்றைச் செய்வதற்குள் பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பாஸ்டர் அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார்.

"உள்ள ஒரு தரம் பாத்துர்றேன் பிரதர்" என்று பாக்கியநாதனிடம் சொல்லிக்கொண்டே வந்தவர் கிரேசின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தலைச் சாக்கு வாய் திறந்து கிடந்தது. கொம்புக்காரனும் மண்டையோடும் பச்சைத் தோல்காரனும் மேலே கிடந்தார்கள்.

பாஸ்டர் இன்னும் கொஞ்சம் எட்டிச் சாக்கைப் பார்த்தார். எல்லாம் போயிற்று, குடைதான் கதி என்று கிரேஸ் நினைத்தாள்.

"சகோதரி" என்றார் பாஸ்டர். "புருஷனோட சரீரம் நடு வீட்ல இருக்கும்போது இவ்ளோ விசுவாசமா! ஒண்ணு விடாம தலைய அறுத்துப் போட்டுருக்கீங்களே. நான் ஒளிச்சு வெப்பீங்கன்னு நெனச்சேன். என்னை மன்னிக்கணும்."

பூவம்மாள் வாயைத் திறந்தாள். திலகவதி அவள் தொடையில் கிள்ளினாள்.

"நீங்களே முடிவு பண்ணிச் செஞ்சீங்களா சகோதரி?"

அவர் முதுகுக்குப் பின்னால் பாக்கியநாதன் நின்றிருந்தார். அந்த எழுபது வயசு மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார், தம்பி பெண்டாட்டியை.

ஹாலில் ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க பாஸ்டர்" என்றாள் கிரேஸ். "நான்தான்."

அதற்கப்புறம் ஒரு குறையும் இல்லை. பாஸ்டரே முன்னால் நின்று எல்லாம் நடத்தினார். ஜெபத்தில் சபை முழுவதும் கேட்க அவள் விசுவாசத்தைச் சாட்சியாகச் சொன்னார். ஆமென், ஆமென் என்று ஜனம் சொன்னது. கிரேசும் சொன்னாள். சொல்லும்போது எட்வர்டின் முகத்தைப் பார்க்காமல் அவன் கால்மாட்டில் கிடந்த ரோஜா மாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கடைசியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெட்டியை மூடும் முன் சொன்னபோதும் அவளால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவனிடம் அவள் வெட்கப்பட்டது அன்றுதான். நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்து கேட்டின் இரண்டு கதவுகளும் அகலத் திறந்திருந்தன.

புறப்படும்போது பாஸ்டர், "மூணாம் நாள் ஜெபத்துக்கு வரும்போது அந்தக் குப்பை இங்க இருக்கக் கூடாது, மெஷின்ல போட்டு அரைச்சுடச் சொல்லுங்க" என்றார்.

பொழுது சாய வீடு திரும்பியதும், குளிக்கச் சொல்லி யாரோ அண்டாவில் வெந்நீர் வைத்திருந்தார்கள். பின்கட்டில் பூவம்மாளும் திலகவதியும் இரண்டு சாக்குகளோடு காத்திருந்தார்கள். பூவம்மாளின் கண் வீங்கியிருந்தது.

"தலய சுடுதண்ணில போட்டா இளகும் கிரேசு. இளகனதும் அழுத்துனா உக்காந்துக்கும். நா எங்க ஊட்ல வெச்சுக்கறேன், எங்க ஊட்டுக்கு எந்தப் பாஸ்டரும் வரமாட்டாரு. நீ சொல்லு, எது எதுக்குன்னு. நாங்க மாட்டிர்றோம்."

கிரேஸ் சாக்குக்குள் பார்த்தாள். நூற்று முப்பத்தேழு தலைகள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தவனை இப்போதுதான் மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"குளிச்சியாமா? தண்ணி ஆறுது பாரு" என்று பாக்கியநாதன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"தோ, ஆச்சு மாமா."

சேலையைச் செருகிக்கொண்டு அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைக்கு வந்த ஒரு தலையை வெந்நீரில் முக்கி எடுத்து, ஓர் உடம்பின் மேல் வைத்து அழுத்தினாள். டப்பென்று உட்கார்ந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கழுத்து கறுப்பு, முகம் சிவப்பு.

"இவுரு இல்ல" என்று அதைக் கழற்றித் திரும்பவும் தண்ணீரில் போட்டுவிட்டு, அடுத்த தலைக்குக் கையை விட்டாள்.