செட்டுக்குக் காது கேட்கிறது

இந்தக் காலத்தில் எவனும் வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லமாட்டான், டப்பாவைத்தான் காட்டுவான். டாக்டர் நாடி பிடிப்பதில்லை, திரையைப் பார்க்கிறார். ரேஷன் கடைக்காரன் நாற்பது வருஷம் பார்த்த முகத்தை விட்டுவிட்டு, கட்டைவிரலை மிஷினில் வை என்கிறான். ராயபுரத்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் உபைதுல்லா பாயும் அதே ரகம்தான். வயர்லெஸ் செட் கெட்டுப்போச்சா இல்லையா என்று கேட்டால், அதன் பக்கத்தில் பழைய கப்பல் சாமானில் வாங்கிய ஓர் இரும்புப் பெட்டியைத் தூக்கி வைக்கிறார்.

செட்டைத் தூக்கிக்கொண்டு வந்த வெள்ளத்துரைக்கு ஒரே வார்த்தைதான் வேண்டியிருந்தது. கெட்டுப்போச்சு. நேற்று விடியலில் அவர் மகன் குமாரவேல் இரண்டு பேரோடு ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போனான். கடல் சரியில்லையென்று அவர்கள் ஊர் நெட்டுக்குப்பத்தில் வேறு யாரும் இறங்கவில்லை. சாயங்காலம் செட்டில் வந்து, "இன்ஜின் நின்னு போச்சு நைனா, பாத்துகினு கீறோம்" என்றான். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். அக்கம்பக்கத்துக் கைசெட்டுகளுக்கு அவ்வளவு தூரம் எட்டாது. காலையில் இரண்டு படகுகள் தேடப் போயிருக்கின்றன. ராத்திரி முழுக்க இரைச்சலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மருமகள் ஜெயஸ்ரீதான் சொன்னாள்: "செட்டு கெட்டுட்ச்சு மாமா. அவரு பேசிகினுதான் கீறாரு. நமக்குத்தான் கேக்கல. எடுத்துகினு போய் சரி பண்ணிகினு வா."

"இன்னா பொட்டி இது?" பாய் கடையில் நின்றபடி வெள்ளத்துரை கேட்டார்.

"சிக்னல் ஜெனரேட்டர், நைனா. படகுலேர்ந்து வர்ற மாதிரி பொய் சிக்னல் போடும். ஒன் செட்டு கேக்குதா பாப்போம்."

"பொய்யின்னு நீயே சொல்ற. அது சொல்றத நான் நம்பணுமா? தொற. உள்ள இன்னா கீதுன்னு பாக்கணும்."

பாய் மூடியைக் கழற்றினார். உள்ளே தகரச் சுவர் வைத்துச் சின்னச்சின்ன அறைகள். "மொத ரூம்ல இந்தக் கல்லு. கரண்ட் பட்டா நடுங்கும். அந்த நடுக்கத்தையே பெருசு பண்ணி மறுபடியும் அதுக்கே குடுக்கறோம். அதனால நிக்கவே நிக்காது."

வெள்ளத்துரை அந்தக் கல்லைக் குனிந்து பார்த்தார்.

"அடுத்த ரூம்ல ஒரு விசில் சத்தம் உண்டாக்கி நடுக்கத்து மேல ஏத்தறோம். கடைசி ரூம்ல அத்தக் கொறைக்கிறோம். இந்தக் குமிழத் திருப்பற ஒவ்வொரு கிளிக்குக்கும் படகு தூரமாப் போவுதுன்னு வெச்சுக்கோ."

பாய் வயரைச் செட்டில் செருகினார். செட் வீலென்று கத்தியது. கிளிக். கிளிக். விசில் மெலிந்தது, இரைச்சல் ஏறியது. இருந்தாலும் விசில் கேட்டது. கிளிக். செத்துத் தொலையேன் என்று வெள்ளத்துரை மனசுக்குள் அதைத் திட்டினார். திட்டியதும் அந்த வார்த்தை எங்கே போய் விழுமோ என்று பயந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். விசில் சாகவில்லை.

"சத்தம் கசியுது" என்றார். "மூடி தொறந்து கீதே. ஓட்டப் படகுல தண்ணி பூர்ற மாதிரி பக்கவாட்டுல பூருது. அதத்தான் செட்டு கேக்குது."

பாய் முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். "வாஸ்தவந்தான். மூடிப்புட்டு பாத்திருக்கணும்."

எட்டுத் திருகு. ஒவ்வொன்றாக முடுக்கும்போது வெள்ளத்துரையின் நெஞ்சு லேசானது. கெட்டுத்தான் போயிருக்கிறது. ஜெயஸ்ரீ சொன்னது சரிதான். பையன் பேசிக்கொண்டிருக்கிறான்.

பாய் பெட்டியின் குமிழைக் கடைசிவரை திருப்பினார். இரைச்சல். இரைச்சல் மட்டும். வெள்ளத்துரை மூச்சை விட்டார். அப்போதுதான், இரைச்சலுக்கு அடியில், நூல் மாதிரி அந்த விசில். பாய் வயரைப் பிடுங்கினார், நின்றது. செருகினார், வந்தது.

"கசிவு இல்ல நைனா. செட்டுக்கு நல்லா காது கேக்குது." அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "படகுல பேட்டரி எறங்கியிருக்கும்."

"அத்தச் சொல்லவும் ஒரு பொட்டி வெச்சிகினு கீறியா?"

பாய் வயரைச் சுருட்டினார்.

"ஒம் பொட்டி போட்ற சத்தம் கேக்குது. எம் புள்ள கொரலு கேக்குதா? நீயும் அதுவும் தோஸ்து. ஒண்ணுக்கொண்ணு சாட்சி." செட்டை வெடுக்கென்று எடுத்துத் துண்டில் சுற்றினார். "டோல்கேட்டாண்ட செட்டு ரிப்பேர்காரன் ஒருத்தன் கீறானாம். அவன் சொல்லுவான்."

"நைனா, வெயில்ல..."

அவர் கடைப்படி இறங்கிவிட்டார். கண்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்ற சாலையில், அவற்றின் நிழலுக்குள்ளும் வெளியிலுமாக நடந்தார். துண்டுக்குள், எந்த வயரும் இல்லாத செட்டின் சத்தக் குமிழை அவர் கட்டைவிரல் கூட்டிக்கொண்டே போனது. குமிழ் முட்டி நின்ற பிறகும் அழுத்தித் திருப்பிக்கொண்டிருந்தது.