சரிதா சுற்றிய ஊர்கள்

கடல் என்றால் கிழக்கு. முத்தியால்பேட்டையில் பிறந்த எவனையும் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், அந்தப் பக்கம்தான் கை காட்டுவான். நான் அப்படித்தான் வளர்ந்தேன். என் மகள் தாமரைச்செல்வியையும் அப்படியே வளர்த்து வைத்தேன்.

நான் சக்கரபாணி. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கினேனே தவிர, நானாகத் திருப்பதியைத் தாண்டிப் போனதில்லை. காலை ஷிஃப்ட் இல்லாத நாட்களில் தாமரையை சைக்கிளின் முன்பாரில் உட்கார வைத்து பீச்சுக்குக் கூட்டிப் போவேன். கருங்கல் மேல் உட்கார்ந்துகொள்வோம். சூரியன் வரும்வரை இரண்டு பேரும் பேசமாட்டோம். வந்ததும் அவள் என்னைப் பார்த்துக் கை தட்டுவாள், ஏதோ நான்தான் விசில் ஊதி அதைக் கிளப்பிவிட்ட மாதிரி.

தாமரை கல்லூரியில் பிரெஞ்சு படித்தாள். மூன்றாம் வருடம் ஒரு செமஸ்டர் பிரான்சில் போய்ப் படிக்க இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருத்தி இவள், இன்னொருத்தி இவளுடைய தோழி, மூலக்குளத்துச் சரிதா. நாந்த் என்று ஒரு ஊர். நான் தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தேன். என் மனைவி அஞ்சலாட்சிதான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அவளுக்குத் 'தனியாக' என்ற வார்த்தையே ஆகாது. தாமரை சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக் கூட்டத்தில் அம்மா கையிலிருந்து நழுவிப் போய்விட்டாள். நாங்கள் தலையில் அடித்துக்கொண்டு தேட, பிள்ளை ஒரு பொரிக்கடையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. பிள்ளை அன்றைக்கே மறந்துவிட்டது. பெற்றவள் மறக்கவில்லை.

கடைசியில் ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு.

"எங்க சுத்தறதா இருந்தாலும் சரிதாவோடதான் போவணும். தனியாப் போனன்னு என் காதுல வுழுந்துது, படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், கெளம்பி வந்துடணும்."

அஞ்சலாட்சி சொன்னால் செய்கிறவள். தாமரையும் தலையை ஆட்டிவிட்டு விமானம் ஏறினாள்.

பிப்ரவரியில் அங்கே ஒரு வாரம் லீவு விட்டார்கள். "கடலுக்குப் போறோம்பா" என்று போனில் சொன்னாள். ஏதோ வாயில் நுழையாத பெயருள்ள சின்ன ஊர், ரயிலில் பாதி, பஸ்ஸில் பாதி. எனக்கு ஒரே குஷி.

"சூரியன் வர்றத எனக்குக் காட்டணும் பாப்பா. வீடியோ கால் போடு."

"கண்டிப்பாப்பா."

இரண்டு பேருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. கடல் இருக்கிறது, சூரியன் வரும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அவர்களுக்கு விடியும்போது நமக்கு உச்சி வெயில். ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் மீன் குழம்பு. போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அஞ்சலாட்சி கரண்டியோடு வந்து நின்றாள். எதிர்வீட்டுக் கிருஷ்ணசாமி பேப்பர் வாங்க வந்தவர் அவரும் நின்றுவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் தெருவில் அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்றால்தான் தெரியும்.

சாம்பல் நிறக் கடல். காற்று போனுக்குள் இரைந்தது. வானம் வெளுத்துக்கொண்டே போகிறது, சூரியனை மட்டும் காணோம்.

"மேகமா இருக்குப்பா" என்றாள் தாமரை. முகம் தெரியவில்லை, குரல் மட்டும்.

"இரும்மா, வரும்."

"அந்த ஊர்ல ஞாயித்துக்கெழமன்னா சூரியனுக்கும் லீவா?" என்றாள் அஞ்சலாட்சி.

சொல்தா சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "யோவ் சக்கரபாணி, ஒனக்குத் தலையில என்னாய்யா இருக்குது? அது மேக்குக் கடல்யா. சூரியன் அதுல முழுவும், மொளைக்காது. பாப்பா, அப்படியே பின்னாடி திரும்பும்மா."

அவள் போனைத் திருப்பினாள். மணல், ஒரு மரப் பெஞ்சு, ஓட்டு வீடுகள். அந்த ஓடுகளுக்கு மேலே சூரியன் எப்போதோ ஏறி நின்றுகொண்டிருந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தாமரையும் சிரித்தாள்.

எனக்குப் பாதிச் சிரிப்பில் நின்றுபோனது. அந்தப் பெஞ்சில் ஒரு பை இருந்தது. ஒரே ஒரு பை, பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில். வாழ்க்கையில் பாதியை பஸ்ஸில் நின்றே கழித்தவன் நான். சீட்டில் கிடக்கிற பையைப் பார்த்தால் இடம் போட்டது ஒரு ஆளுக்கா, கூட்டத்துக்கா என்று எனக்குத் தெரியும்.

"சரிதா எங்கடி? அவளயும் காட்டு" என்றாள் அஞ்சலாட்சி.

போன் சட்டென்று மறுபடி கடல் பக்கம் திரும்பியது. இன்னும் கொஞ்சம் விட்டால் அஞ்சலாட்சிக்கும் விளங்கிவிடும், அதோடு பிள்ளையின் செமஸ்டர் முடிந்தது. வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"காப்பி வாங்கப் போயிருப்பா. அந்தக் குளிருல வேற என்னா பண்ணுவா? மொதல்ல அடுப்பப் போய்ப் பாரு, கொழம்பு அடிபுடிக்கிற வாசன வருது."

ஓடினாள். குழம்பு அடிபிடிக்கவில்லை, அதற்கும் நான் திட்டு வாங்கினேன்.

சாப்பிட்டதும் மொட்டை மாடிக்குப் போய்த் தாமரையைக் கூப்பிட்டேன். என்னென்ன கேட்பதென்று படியேறும்போதே அடுக்கி வைத்திருந்தேன். அவ்வளவு கோபம்.

"தனியாவா இருக்க?"

"ஆமாம்பா. சரிதா காலேஜ் பசங்களோட பாரிஸுக்குக் கெளம்பிட்டா. எனக்குக் கடலப் பாக்கணும் போல இருந்துச்சி. வந்ததுக்கப்புறம் சொல்லலாம்னு..." குரல் இறங்கியது. "அம்மாகிட்ட சொல்லிடுவியாப்பா?"

"பயமா இல்லியா ஒனக்கு?"

"இல்லப்பா."

யோசிக்காமல் சொன்னாள். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், வந்துவிடு என்று சொல்லியிருப்பேன். அவள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. அடுக்கி வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"இனிமே கெளம்பறதுக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிடணும். அம்மாவ நான் பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நான் எப்படிச் சொல்வது? வாரக் கடைசி வந்தால் எனக்குத் தனியாக போன் வரும். மாடிக்கு ஓடுவேன். எந்த ரயில், எங்கே மாறுவது, எட்டுப் பெண்கள் படுக்கிற அறையில் மேல் கட்டிலா கீழ்க் கட்டிலா, எல்லாம் எனக்குச் சொல்லியாக வேண்டும். "எறங்கற எடத்த ஏறும்போதே கேட்டு வச்சிக்க. ராத்திரி பஸ்னா டிரைவருக்குப் பின்சீட்டு" என்பேன். "அங்கல்லாம் அப்படி இல்லப்பா" என்று சிரிப்பாள், ஆனாலும் உட்கார்ந்த சீட்டைப் படம் எடுத்து அனுப்புவாள். அவள் போகிற வழியெல்லாம் போன் மேப்பில் நானும் விரலால் போவேன். அப்புறம் கீழே இறங்கி, "புள்ளைங்க ரெண்டும் போர்தோ போறாங்களாம்" என்று ஒரு போடு போடுவேன்.

இப்படியாக எங்கள் வீட்டுக் கணக்கில் சரிதா போர்தோ போனாள், ப்ரெஸ்த் போனாள், எல்லை தாண்டி பார்சிலோனாவுக்கும் போனாள். பாவம், அந்தப் பெண்ணுக்கே அது தெரியாது. ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்கு வந்தவளுக்கு அஞ்சலாட்சி வஞ்சிரம் வறுத்துப் போட்டு, "என் பொண்ண ஒரு எடத்துக்கும் தனியா வுடாம பாத்துகினியே, நீ நல்லாயிருப்படி" என்று கண் கலங்கினாள். சரிதா தாமரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆமா ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

ஆறேழு வருடம் ஆகிவிட்டது. தாமரை இப்போது பிரான்சிலேயே வேலை பார்க்கிறாள். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அஞ்சலாட்சி எடுத்தாள்.

"லிஸ்பன் வந்திருக்கேம்மா. நேத்தே வந்துட்டேன்."

"யாரோட?"

"தனியாதாம்மா."

நான் சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைக்கூடத் திறந்துவிட்டேன்.

"சரி, ஸ்வெட்டர் போட்டுக்க" என்றாள் அஞ்சலாட்சி. போனை ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நகர்த்திவிட்டு, ரசம் ஊற்ற எழுந்து போனாள்.

"அப்பா, எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேம்மா" என்றேன். மறைக்க ஒன்றும் இல்லாமல் போனதும், எங்கள் இரண்டு பேருக்கும் பேசவும் ஒன்றும் அகப்படவில்லை.