படத்தில் இல்லாத வேப்பிலை

சிரம்பான் டவுனில் மதிய ஆட்டம் பார்த்துவிட்டு ரப்பர் தோட்டத்துக்கு லாரியில் திரும்பிய முப்பது பேரும் பாதி வழி வரை வாயே திறக்கவில்லை. சினிமாவுக்குப் போன சனம் இப்படி உம்மென்று திரும்பி நீலாவதி பார்த்ததே இல்லை. காரணம் அவளுக்குத் தெரியும், அதனால்தான் லாரிப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வந்தாள்.

கூலியாட்களை வேலை வாங்கும் மண்டோர் நல்லசாமிதான் ஆரம்பித்தார். கோயில் கமிட்டித் தலைவர் அவர். தோட்டத்தில் எந்தப் பேச்சுக்கும் முதல் வாய் அவருடையது.

"வேப்பிலைய எங்கலா காணோம்?"

அவ்வளவுதான், லாரி முழுக்கப் பிடித்துக்கொண்டது.

படம் 'ஏழு சுடர் இளவரசன்'. ரெண்டு வருஷத்துக்கு முன் மெட்ராஸ் பத்திரிகையில் தொடராக வந்த மாயாஜாலக் கதை. நீலாவதி பால்மரத்தில் பட்டை வெட்டிப் பாலெடுக்கிறவள்தான்; ஆனால் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஆயாக்கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை பகலில் உட்கார்ந்து அவள் உரக்கப் படிப்பாள். படிக்கத் தெரியாத பெண்கள் கேட்பார்கள். பெண்கள் சொல்லி ஆண்களுக்கும் தெரியும். மந்திரவாதி கொன்றுபோட்ட இளவரசனை மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தி வந்து வேப்பிலையால் மூன்று முறை தடவி எழுப்பிய கட்டத்தில் கொட்டகையே கையெடுத்துக் கும்பிட்டது. ஆத்தாளே வந்துவிட்டாள் என்று, கேட்டுக்கொண்டிருந்த மாரியம்மா அன்றைக்குச் சாமியாடினாள்.

படத்திலோ மஞ்சள் சேலை இல்லை. இளவரசனைப் பட்டமரத்தில் கட்டிக் கொல்கிறார்கள், குகையில் வைத்துப் பாறையால் அடைக்கிறார்கள். மூன்றாம் நாள் பாறை உருள்கிறது. வெள்ளை வெளிச்சத்தில், கையில் ஒரு ஆட்டுக்குட்டியோடு, அவன் நடந்து வருகிறான்.

"இது யாரு கதைன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றாள் மாரியம்மா.

"டிக்கெட்டு யாரு வாங்கிக் குடுத்தா? லாரி யாரு புடிச்சுக் குடுத்தா? டிரசருக்கு நம்ம மேல என்னலா திடீர்னு இவ்வளவு அக்கறை?" என்றார் நல்லசாமி.

டிரசர் சூசை தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவர், வேதக்காரர். பத்து வருஷமாக ஊசி போட்டு, கட்டுக் கட்டி, பிரசவத்துக்கு ஓடி வருகிற மனிதர். தோட்டத்துக்குள் லாரி நுழைவதற்குள் அவர் சிரம்பான் பாதிரியாரோடு சேர்ந்து தியேட்டரில் ஆத்தா வருகிற ரீலை வெட்டச் சொன்னவராக ஆகிவிட்டார். மறுநாள் அந்த ரீல் எரிந்ததைக் கண்ணால் பார்த்த ஆளும் கிடைத்தான். எங்கே பார்த்தான், எப்போது பார்த்தான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் கதை கெட்டுவிடுமே!

அந்த வாரம் மருந்தகத்துக்கு யாரும் போகவில்லை. மாரியம்மா இருமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மந்தின் டவுன் டாக்டரிடம் போனாள். வேலை முடிந்து வந்த நீலாவதியைச் சூசை வழியில் நிறுத்தினார்.

"என்னம்மா, தோட்டத்துல ஒருத்தருக்கும் சீக்கு வரலியா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை நல்லசாமி வெள்ளைத்தாளோடு நீலாவதி வீட்டுக்கு வந்தார். டிரசரை மாற்றச் சொல்லி துரைக்கு மனு; ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். "உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும். நீயே எழுதிடு. செல்லம் மொத ஆளா ரேகை வைக்கிறேன்னுட்டா."

செல்லம் பக்கத்து லயத்து வீட்டுக்காரி. ரெண்டு வருஷத்துக்கு முன் அவள் மகன் காய்ச்சலில் போய்விட்டான். கடைசியாக ஊசி போட்டது சூசை. அன்றிலிருந்தே அவளுக்கு அந்த மனிதர் மேல் ஒரு கசப்பு.

நீலாவதி தாளை வாங்கி வைத்துக்கொண்டாள். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஏனென்றால் அந்த வேப்பிலை அவள் வைத்தது.

செல்லத்தின் மகன் போன பதினாறாம் நாள் அது. முந்தின வாரம் இளவரசன் செத்திருந்தான். அடுத்த இதழ் மந்தின் கடைக்கு வரவே இல்லை, வந்த பத்திரிகைக் கட்டிலேயே குறைந்துவிட்டதாம். கொட்டகையில் முப்பது பெண்கள். மூலையில் செல்லம், மகன் போன பிறகு முதல் தடவையாக வெளியே வந்தவள், "அவன் எந்திரிச்சிருவானா நீலா?" என்று கேட்டாள். இதழ் வரவில்லை என்று சொல்ல நீலாவதிக்கு வாய் வரவில்லை. பழைய இதழ் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாததைப் படித்தாள். அடுத்த இதழில் இளவரசன் உயிரோடு குதிரை ஏறினான். பிழைத்தோம் என்று இருந்துவிட்டாள். மறுநாளே செல்லம் வாசலில் ஒரு வேப்பங்கன்று நட்டாள். அது இப்போது அவள் தோள் உயரம்.

அசலில் என்னதான் இருந்தது? குகையா? பாறையா? படத்துக்காரன்தான் புகுத்தினானா? அவளுக்கே சந்தேகம் அரித்தது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் சிரம்பானை ஒட்டிய லோபாக்குக்குப் போனாள். அங்கே நாச்சம்மை ஆச்சி எல்லாத் தொடர்கதையையும் பைண்டு செய்து வைத்திருப்பதாக மந்தின் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆச்சி இவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு அத்தியாயத்துக்காகவா இவ்வளவு தூரம் வந்தே?"

"ஆமாங்க ஆச்சி."

அரைமணி நேரம் யோசித்து, புத்தகம் நாளை மறுநாள் திரும்பி வந்தாக வேண்டும், பக்கம் மடங்கக் கூடாது என்று நாலு தடவை சொல்லிவிட்டுத்தான் கொடுத்தாள். நீலாவதி பஸ்ஸிலேயே பிரித்துப் படித்தாள். படித்ததும் சிரிப்பு வந்தது, புத்தகத்தை மூடி மடியில் அழுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. மையும் மனுவும் எங்கே என்று நல்லசாமி கேட்டார். "மொதல்ல இத கேளுங்க" என்று அவள் படித்தாள். இளவரசன் சாகவே இல்லை. மந்திரவாதி கொடுத்தது வெறும் மயக்க மருந்து. காட்டில் ஒரு வேடன் பெண்டாட்டி கஞ்சி புகட்டினாள், எழுந்து உட்கார்ந்தான். முடிந்தது.

"அப்ப வேப்பிலை?" என்றாள் மாரியம்மா.

"அன்னிக்கு புக்கு வரல. நானா சொன்னது." நீலாவதி புத்தகத்தை நல்லசாமி பக்கம் நீட்டினாள். "டிரசர் எதையும் வெட்டல. வெட்டுறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல."

நல்லசாமி புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத உனக்கு யாரு குடுத்தா? டிரசரா?"

"லோபாக் ஆச்சி."

"யாரோ. குகைய படத்துக்காரன் வச்சான், வேப்பிலைய நீ வச்சே. ரெண்டு வருசமா எங்க காதுல பூ சுத்தியிருக்கே. இப்ப சொல்றது மட்டும் நெசம்னு எப்படிலா நம்புறது?"

மனு எழுதப்படவில்லை. ஆனால் வெள்ளைத்தாளை நல்லசாமி கிழிக்கவும் இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். செல்லம் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் நீலாவதிக்குத் தாங்கவில்லை. அன்று அவள் சோறு ஆக்கவே இல்லை.

குழந்தையின் இருமல் கமிட்டிக்காகக் காத்திருக்காது. வியாழக்கிழமை மாரியம்மா மருந்தகத்துக்குப் போனாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள்.

அடுத்த ஞாயிறு கொட்டகைக்கு வந்தது ஐந்தே பேர். கடைசியாகச் செல்லம் வந்தாள். எப்போதும் உட்காரும் மூலைக்குப் போகாமல் நீலாவதியை ஒட்டி உட்கார்ந்து, பத்திரிகையை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

"நீ இப்ப படிக்கிறது எங்க இருக்கு? கை வச்சுக் காட்டு."

நீலாவதி விரல் வைத்தாள். ஒவ்வொரு வரிக்கும் வைத்தாள். செல்லத்தின் கண் அந்த விரலை விட்டு நகரவில்லை. அவமானத்தில் நீலாவதிக்குக் காது சுட்டது. ஆனாலும் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் படித்து முடித்தாள். மற்றவர்கள் எழுந்து போனார்கள்.

செல்லம் போகவில்லை. பத்திரிகையை அவள் மடியிலிருந்து எடுத்து மூடினாள்.

"இப்ப அந்த வேப்பிலைய படி."

"அது அச்சுல இல்லக்கா."

"தெரியும்லா" என்றாள் செல்லம். "படி."