நான்காவது ஊசி

1

ஒரு விமானியின் மானம் கிலோ நூற்றுப் பத்து. அவர் ஓட்டிய குட்டி ஜெட்டை, பழைய இரும்பு வியாபாரியான என் சித்தப்பா அந்த அடிமாட்டு விலைக்குத்தான் அள்ளிப்போட்டு வந்தார். கதையை நான் அதைவிட மலிவாக வாங்கினேன்: அதைப் பராமரித்த பழைய மெக்கானிக்குக்கு இரண்டு தேநீர்.

2

“வானம் நெருப்பைக் கக்கிய அந்த நாளில்…”

(வேண்டாம். இந்தக் கதையில் ஒரு குண்டும் வெடிக்கப்போவதில்லை.)

மறுபடியும்: ‘திருப்புளி’ என்று பட்டப்பெயர் பெற்ற அந்த மெக்கானிக், பாதி அறுபட்ட இறக்கையைத் தடவிப்பார்த்தார். முதலில் இது பயிற்சி விமானம். ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போய், மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். பிறகு சண்டை வந்தது. மூக்கில் துப்பாக்கி, இறக்கைக்கடியில் ராக்கெட் குழல்கள். வாத்தியார் கையில் அரிவாளைக் கொடுத்து அனுப்பிய மாதிரி.*

* இந்த உவமையை வெட்டச் சொன்னார் சித்தப்பா. அவர் இரும்பை வெட்டட்டும்.

3

கிளம்புமுன் திருப்புளி, தரையில் நிற்கும்போது விமானத்தின் பாகங்கள் தானாக இயங்காமல் செருகிவைக்கும் பூட்டூசிகளை உருவி, சிவப்பு நாடா தொங்க உயர்த்திக் காட்டுவார். விமானி எண்ணிப்பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார். பயிற்சிக் காலத்தில் சக்கரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி. ஆயுதம் பூட்டியபின் நான்கு. அந்த நான்காவதை உருவாவிட்டால் எதுவும் சுடாது.

ஏழு வருஷம் மூன்றுக்கே பழகிய கை, ஒரு காலையில் மூன்றையே காட்டியது. கட்டைவிரலும் உயர்ந்தது. விமானம் ராக்கெட்டுகளோடு அப்படியே திரும்பி வந்தது. அதிகாரிகள் வருமுன் திருப்புளி ஊசியை உருவி மறைத்துவிட்டார். சோதனையில் பழுதே இல்லை. ஆகவே பழி விமானியின் தலையில். ‘பயந்து சுடாமல் வந்தவன்’ என்று சீருடையைக் கழற்றி அனுப்பினார்கள். திருப்புளி அப்போதே வாயைத் திறந்து

(இந்த வாக்கியத்தை அவரும் முப்பது வருஷமாக முடிக்கவில்லை.)

4

விமானத்தை அறுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு சித்தப்பாவின் கடைக்கு விமானியும் வந்துவிட்டார்.

“என்னய்யா திருப்புளி, தல இப்படி நரைச்சிருச்சு?”

“உங்களுக்கு நரைக்கவே ஒண்ணும் மிச்சமில்லையே சார்!”

சிரித்துக்கொண்டே இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். திருப்புளிக்கு மாணவர் இருக்கை.

“இந்த சீட்டுல எத்தன பேரு வாந்தியெடுத்திருப்பானுங்க!”

“தொடச்சது யாரு? நான்தானே சார்!” என்றவர், மூச்சை இழுத்துக்கொண்டார். “சார்… அன்னிக்கு நாலாவது ஊசிய நான் உருவல.”

“தெரியும். மூணுதான் காட்டுன. எனக்கு எண்ணத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் சார் வெரலத் தூக்குனீங்க?”

“சுடச் சொன்ன எடம் ஒரு சந்தைய்யா. முந்துன நாளே மேலேருந்து பாத்துட்டேன்.”

5

விமானி உண்மையிலேயே எண்ணினாரா, பக்கத்து இருக்கையில் அழுதுகொண்டிருந்தவரின் பாரத்தை இறக்க அப்போது புனைந்தாரா? சித்தப்பா கடையில் பேரம் பேசுகிறவன் புளுகினால் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இவரிடம் தோற்றேன். நீங்கள் சொல்லுங்கள்.

என் கையில் இருப்பது இவ்வளவுதான். போனவை: ஒரு சீருடை, ஓர் ஓய்வூதியம், ஒருவருடைய முப்பது வருஷத் தூக்கம். வந்தவை: அன்று சந்தையிலிருந்து பையோடு வீடு திரும்பியவர்கள். எத்தனை பேர் என்று எவரும் எண்ணவில்லை.