நடக்காத பிரச்சினைக்குச் சீட்டு கிடையாது

அந்தப் பலகை வந்த அன்றைக்கே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. எங்கள் ஆபீஸின் ஒரு சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அதில் மூன்று கட்டங்கள்: செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. பிரச்சினை எது வந்தாலும் அதை ஒரு சிவப்புச் சீட்டில் எழுதி, கீழே நம் பெயரைப் போட்டு முதல் கட்டத்தில் ஒட்ட வேண்டும். வேலை நகர நகர சீட்டும் நகரும். கடைசிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பக்கத்தில் தொங்கும் பித்தளை மணியை அடிக்க வேண்டும். உடனே எல்லோரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். கல்யாண வீட்டில் கெட்டிமேளத்துக்குக்கூட இப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

டில்லி மஹிபால்பூரில், ஏர்போர்ட்டை ஒட்டி எங்கள் கம்பெனி. தொழிற்சாலைகளிலிருந்து சரக்கை வரவழைத்து, காகிதங்களைச் சரிபார்த்து, விமானத்தில் ஏற்றிவிடுவது வேலை. தலைப்பிள்ளை பிறந்த வருஷம் சேர்ந்தேன். அந்தப் பிள்ளை ஷ்ரேயா இப்போது காலேஜ் முடிக்கப்போகிறாள். இந்தப் பலகை வரும்வரை நாங்கள் வேலை செய்ததை விமானம் கிளம்பியதை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். புதிதாக வந்த மேனேஜர் மல்ஹோத்ராவுக்கு அது போதவில்லை.

“கோமளா ஜி, இனிமேல் யார் என்ன செய்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கலாம்” என்றார் ஹிந்தியில், பலகையைத் தடவிக்கொண்டே. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைப் போட்டோ எடுத்து மும்பைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவாராம்.

“தினமும் போகிற சரக்குக்கும் சீட்டு உண்டா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் தானாக நடப்பதுதானே? பிரச்சினைக்கு மட்டும்தான் சீட்டு.”

தானாக நடக்கிறதாம். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

டில்லியில் டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் தொழிலுக்கு ஒரே ஒரு எதிரிதான், மூடுபனி. ராத்திரி கிளம்புகிற லாரி நெடுஞ்சாலையில் ஊர்ந்து வருவதற்குள் விமானம் போய்விடும். துவாரகாவில் எங்கள் ஃப்ளாட் ஏழாவது மாடியில் இருக்கிறது. காலையில் காபியோடு பால்கனிக்குப் போவேன். எதிரே இருக்கும் அடுக்குமாடி சொசைட்டியின் தண்ணீர்த் தொட்டி தெரியாவிட்டால் அன்றைக்கு ராத்திரியும் பனி இருக்கும் என்று வைத்துக்கொள்வேன். வானிலை அறிக்கையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோனிபத்தில் இருக்கும் லாரி டிரைவர் சத்பீருக்குப் போன் போட்டு ஹிந்தியில் சொல்வேன். “சத்பீர் பையா, ராத்திரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மத்தியானமே வண்டியை எடுத்துடுங்க.” தொழிற்சாலைக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சரக்கை முன்னதாகவே கட்ட வைப்பேன். காத்மாண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் மருந்துதான் என் பொறுப்பு. சில்லென்று வைத்திருக்க வேண்டும், வெளியில் கிடந்தால் வீண். வெயில் இருக்கும்போதே குளிர்கிடங்குக்குள் போய் உட்கார்ந்துவிடும். ராத்திரி பனி வந்து பார்த்தால் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

எனக்கு எதிர் மேஜை ஜெகனுக்கு. மதுரைப் பையன், முப்பது வயசு ஆகவில்லை. பானிபத் விரிப்புகள் எல்லாம் அவன் பொறுப்பு. நல்லவன்தான், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பால்கனியில் நின்று தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற ஜாதி இல்லை. அவன் லாரி எப்போதும் போல ராத்திரி கிளம்பும், பனியில் மாட்டும், விமானம் போய்விடும். காலையில் ஜெகன் ஆபீஸுக்குள் ஓடி வருவான். சிவப்புச் சீட்டு ஏறும். இரண்டு காதிலும் இரண்டு போன். ஏர்லைன்ஸ்காரனிடம் ஒரு கத்தல், கஸ்டம்ஸில் ஒரு கும்பிடு. பசியோடு, கலைந்த தலையோடு சாயங்காலம் எப்படியோ அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவான். மணி அடிக்கும். கைதட்டுவோம். நானும்தான் தட்டினேன், வேறு என்ன செய்ய?

ஜனவரிக்குள் அவன் பெயர் கடைசிக் கட்டத்தில் நிரம்பி வழிந்தது. என் பெயரில் ஒரு சீட்டுகூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மல்ஹோத்ரா கூப்பிட்டுச் சொன்னார். குருகிராம் கிளையை எங்களோடு இணைக்கிறார்களாம். சீனியர் இடம் இனிமேல் ஒன்றுதான், மற்றவருக்கு வேலை போய்விடும். நானா ஜெகனா என்று மாதக் கடைசியில் மும்பை முடிவெடுக்கும்.

“எதை வைத்து?” என்றேன்.

அவர் பலகையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாற்பத்தெட்டு வயசில் ஒரு பொம்மனாட்டிக்கு இந்த ஊரில் யார் வேலை கொடுப்பான் என்பதுதான் எனக்கு உடனே தோன்றியது.

மறுநாள் நானும் ஒரு சீட்டு எழுதினேன். ‘பனி வரும் என்று தெரிந்தது. காத்மாண்டு மருந்தை மத்தியானமே வரவழைத்தேன். தாமதம் இல்லை.’ நேராகக் கடைசிக் கட்டத்தில் ஒட்டினேன். மணியடிக்கக் கூச்சமாக இருந்தது, அடிக்கவில்லை. மல்ஹோத்ரா வந்தார், படித்தார், பொறுமையாகச் சீட்டைப் பிய்த்து என் கையில் கொடுத்தார்.

“கோமளா ஜி, இந்தப் பிரச்சினை நடக்கவே இல்லையே?”

“நான் நடக்க விடலை, சார்.”

“அதை எப்படி நான் மும்பைக்குக் காட்டுவது?” அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஜெகன் டீயோடு என் மேஜைக்கு வந்தான். தனியாக இருக்கும்போது அக்கா என்றுதான் கூப்பிடுவான். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. அம்புட்டு வேலை பாக்குறீங்க, ஆனா படம் காட்டத் தெரியலையே. இங்க தெரியுறதுதான் வேலை.”

“ஒனக்குத் தெரியறதோன்னோ? அப்பறம் நீயும் மத்தியானமே லாரியை எடுக்கச் சொல்லேன்.”

அவன் சிரித்தான். “எடுக்கச் சொன்னா நானும் ஒங்கள மாதிரி சும்மால்ல உக்காந்திருக்கணும்.”

அன்றைக்குச் சாயங்காலம் மெட்ரோவில் வரும் வழியெல்லாம் அந்த ‘சும்மா’ என் காதிலேயே நின்றது.

வீட்டில் சொன்னேன். என் அகத்துக்காரர் வேதாந்தத்துக்கு லோதி ரோடில் சர்க்கார் உத்தியோகம். முப்பது வருஷமாக ஃபைல் நகர்த்தியவர். ரசத்தைப் பிசைந்துகொண்டே வழி சொன்னார்.

“ஒரே ஒரு தடவை போன் பண்ணாம இரு. லாரி மாட்டிக்கட்டும். காலம்பற சீட்டு எழுதி ஒட்டு, அப்பறம் ஓடு. நோக்கு ஏர்லைன்ஸ்ல தெரியாத ஆளா? ரெண்டு மணி நேரத்துல முடிச்சுடுவே.”

“மருந்துன்னா அது. கெட்டுப்போச்சுன்னா?”

“ஐஸ் போட்ட வண்டிதானே? ஒரு ராத்திரி தாங்கும்.”

ஷ்ரேயா போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “அம்மா, கர் லோ நா, பண்ணிடேன். எல்லாரும் அப்படித்தான் பண்றா.”

எல்லாரும் அப்படித்தான் பண்றா. என் வயிற்றில் பிறந்தது சொல்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவள் சொன்னது சரி என்று பட்டது. அது எனக்கே அசிங்கமாக இருந்தது.

மாதக் கடைசி வாரத்தில் ஒரு நாள் காலை பால்கனிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி மட்டுமில்லை, எதிர் சொசைட்டியே காணோம். காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று ராத்திரி விமானத்துக்குச் சோனிபத்திலிருந்து மருந்து வர வேண்டும். போனை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். வேறென்னவோ காகிதங்களைப் பார்த்தேன், ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. பத்து மணிக்குக் கை பைக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டேன். தொழிற்சாலையிலிருந்தும் போன் வரவில்லை, நானும் பண்ணவில்லை. மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன். சத்பீர் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியது. ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டேன், நாளைக் காலைக்கு. ஜெகன் பார்த்தானா என்று தெரியாது. காத்மாண்டில் யாரோ ஒரு குழந்தைக்கு ஊசி போட வேண்டியிருக்கும் என்ற நினைப்பு வந்துவந்து போயிற்று. ஒரு ராத்திரி தாங்கும், ஒரு ராத்திரி தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் போன் அடித்தது. சத்பீர்.

“மேடம் ஜி, உடம்பு சரியில்லையா?” என்றான் ஹிந்தியில். “காலையிலிருந்து உங்கள் போனே வரவில்லையே. பனியைப் பார்த்தேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாதா? தொழிற்சாலையிலும் காலையிலேயே கட்டி வைத்துவிட்டார்கள். மத்தியானமே எடுத்துவிட்டேன். இதோ, கிடங்கு வாசலில் நிற்கிறேன். சரக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது.”

சிவப்புச் சீட்டு இருந்த இழுப்பறையைத் திறந்து, மறுபடி மூடினேன்.

“நான் தப்பு ஏதும் செய்துவிடவில்லையே, மேடம் ஜி?”

“இல்லை பையா” என்றேன். “ரொம்ப நன்றாகச் செய்தீர்கள்.” போனை வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷமா, ஆத்திரமா, எதற்கு என்று பிரிக்கத் தெரியவில்லை. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி அவர்களை நான் அப்படிப் பழக்கி வைத்திருந்தேன். இனி நானே நினைத்தாலும் என் வேலையைக் கெடுக்க முடியாது.

மறுநாள் ஜெகனின் விரிப்புகள் நெடுஞ்சாலையில் முர்தல் ஊர்ப் பக்கத்தில் பனியில் நின்றன. அவன் தலை கலைய ஓடினான். மணி அடித்தது. கைதட்டினோம்.

வெள்ளிக்கிழமை போட்டோ போயிற்று. திங்கட்கிழமை பதில் வந்தது. மல்ஹோத்ரா என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மென்மையாகத்தான் பேசினார். உங்கள் பகுதியில் பெரிதாக ஒரு சிக்கலும் இல்லை, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று மும்பை நினைக்கிறது என்றார். சிக்கலே இல்லாமல் பார்த்துக்கொண்டதற்கு எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது.

வேலையை ஜெகனிடம் ஒப்படைக்க ஒரு மாதம் கொடுத்தார்கள். எல்லாம் சொன்னேன். எந்தக் கிடங்கில் யாரைக் கேட்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி தெரியாவிட்டால் யாருக்கு முதல் போன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எழுதிக்கொண்டான். “அக்கா, நான் எதுவும் போட்டுக்குடுக்கல, நம்புங்க” என்றான் ஒரு தடவை. நம்பினேன். நம்பி என்ன பிரயோஜனம்?

கடைசி நாள் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். மல்ஹோத்ரா என்னைப் பலகைக்கு அழைத்துப் போனார். நடுக் கட்டத்தில் ஒரு சிவப்புச் சீட்டு. அவர் கையெழுத்து. ‘காத்மாண்டு மருந்துப் பொறுப்பை மாற்றுவது.’ கீழே என் பெயர்.

“நீங்களே நகர்த்துங்கள், கோமளா ஜி” என்றார், ஏதோ பெரிய மரியாதை செய்கிற மாதிரி.

நகர்த்தினேன். மணியை ஜெகன் அடித்தான். எல்லோரும் எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டினார்கள். ஒருத்தர் இரண்டு பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. என்னைச் சீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.