கொன்சிங்கின் மகள், அட்டர்னி

மணிலாவின் வர்த்தகப் பகுதியான மகாத்தியில் எங்கள் அலுவலகம் இருபத்திரண்டாம் மாடியில். பெரிய வக்கீல் லெஸாமாவுக்கு நான் அங்கே பத்தொன்பது வருடம் செயலாளராக இருந்தேன். மணிலாவின் வசதியான வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். ஒருவனுடைய அப்பாவை லெஸாமாவுக்குத் தெரிந்திருக்கும், இன்னொருவனுடைய மாமாவை. யாருடைய தயவும் இல்லாமல் வந்தவள் நெரிஸா பலாகித் ஒருத்திதான்.

தெற்கே ஜெனரல் சாந்தோஸ் அவள் ஊர். சூரை மீன் வந்து இறங்கும் துறைமுகம். அப்பா தோதோய் படகிலிருந்து மீன் சுமப்பவர். ஓர் ஆள் எடை உள்ள மீனைத் தோளில் போட்டுக்கொண்டு பலகையில் இறங்கி வருவார். அம்மா கொன்சிங் மீன் டப்பாத் தொழிற்சாலையில் தோல் உரிப்பவள். நெரிஸாவும் பகலில் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் சட்டக் கல்லூரிக்குப் போனாள். கலமான்சி என்ற குட்டி எலுமிச்சையைப் பிழிந்து எவ்வளவு தேய்த்தாலும் கையில் வாசனை போகாது. வகுப்பில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும் காலியாகவே இருக்குமாம்.

"நல்லதாப் போச்சு மில்லாக்கா, புத்தகம் வைக்க இடம் கிடைச்சுது" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

நாடு முழுக்க நடக்கும் வக்கீல் தேர்வில் அவள் எட்டாவது இடம் வந்தாள். முதல் பத்துப் பேரின் பெயர் பேப்பரில் வரும். அவர்கள் தெருவில் இந்த வீட்டிலிருந்து எதிர்வீடு வரை ஒரு பேனர் கட்டினார்கள். பெயரில் ஓர் எழுத்து தப்பு, ஆனால் 'அட்டர்னி' என்பது மட்டும் ஓர் ஆள் உயரத்தில் சரியாக இருந்தது. லெஸாமா பேப்பரைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணைக் கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன். அப்படித்தான் வந்தாள்.

முதல் மூன்று வருடம் அவளுக்குக் கிடைத்தது பிழை திருத்தும் வேலைதான். அவள் பேச்சில் தெற்கத்தி மொழியான பிசாயாவின் வாடை அடிக்கும். ஒரு நிறுவனம் இன்னொன்றோடு சேர்வதை 'மெர்ஜர்' என்று சொல்ல வாயைத் திறந்தால் 'மிர்ஜிர்' என்று விழும். சக வக்கீல் பாக்கி காபி அறையில் அதைச் சொல்லிக் காட்டுவான், எல்லாரும் சிரிப்பார்கள். அவள் காதில் விழாத மாதிரி கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். ஒப்பந்தத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் பிடித்துவிடுவாள். அதனால் கஷ்டமான தாள்களை எல்லாரும் அவள் மேஜையில்தான் கொண்டுபோய் வைத்தார்கள்.

நான்காவது வருடம் ஒரு கொரிய நிறுவனம் எங்களிடம் வந்தது. ஜெனரல் சாந்தோஸில் ஒரு மீன் டப்பாத் தொழிற்சாலையை வாங்கப்போகிறார்கள். எங்கள் வேலை, வாங்கும் முன்னால் அதன் ஆவணங்களை அலசி, எங்கே குழி இருக்கிறது என்று சொல்வது. கூட்டத்தில் லெஸாமா அந்தத் தொழிற்சாலையின் பெயரைச் சொன்னதும் நெரிஸா கையைத் தூக்கினாள்.

"சார், அந்தத் தொழிற்சாலையிலதான் எங்கம்மா இருபத்தாறு வருஷம் தோல் உரிச்சாங்க. நானும் நாலு வருஷம்."

மேஜையைச் சுற்றி எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பாக்கி கூட.

"இப்பவும் இருக்காங்களா?" என்றார் லெஸாமா.

"இல்ல சார். முழங்கால் வலி, நின்னுட்டாங்க."

"கொரியாக்காரங்களுக்கு இதை எழுதித் தெரிவிச்சிடு. அவங்களுக்குச் சம்மதம்னா நீயும் வா."

அவர்களுக்குச் சம்மதம். நாங்கள் ஐந்து பேர் விமானம் ஏறினோம்.

தொழிற்சாலை மேலாளர் எங்களை ஏசி அறையில் உட்காரவைத்து, நாற்பது பெட்டி காகிதத்தைக் கொண்டுவந்து அடுக்கினார். மத்தியானம் வரை படித்தோம். பிறகு நெரிஸா எழுந்து, "நான் உள்ளே போய்ப் பார்க்கணும்" என்றாள். குறிப்பெடுக்க நானும் போனேன். ரப்பர் காலணி, தலைக்கு வலை, வெள்ளை அங்கி.

உள்ளே நீளமான எஃகு மேஜைகள். இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக நின்று, வெந்த சூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மொழி தகலோக். அவர்கள் பேசியது பிசாயா. பாதி எனக்கே புரிந்தது, மீதியை நெரிஸா பிறகு சொன்னாள்.

"ஏய், அங்க பாருங்கடி! கொன்சிங் மவ!" என்று ஒருத்தி கத்தினாள். பாசிங் என்று பெயர், அறுபதை நெருங்கிய பெண்.

"எப்படி இருக்கீங்க பாசிங்கக்கா?"

"எனக்கென்ன, நின்னுக்கிட்டே இருக்கேன். நீதான் அட்டர்னி ஆயிட்டியே, இன்னும் ஒரு புருசன் கிடைக்கலையாடி?"

"தேடுறேங்க்கா. கேஸ்தான் கிடைக்குது, ஆள் கிடைக்கல."

வரிசை முழுக்கச் சிரித்தது. கத்தி மட்டும் ஒரு கையிலும் நிற்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் நெரிஸா, வேலை எப்படிப் போகிறது, தண்ணீர் வருகிறதா, மின்சாரம் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாசிங் ஒன்றைச் சொன்னாள்.

"குளிர் கிடங்குதான் தொல்லை. ஜனவரியில மூணு நாள் பூட்டிட்டாங்கல்ல? ஃபுலோங் வீட்டுக்கு மீன் போகல, அந்தம்மா வந்து கேட்டுல சங்கிலி போட்டுருச்சு."

"எந்த மீனு?"

"வருசா வருசம் ரெண்டு பெரிய சூரை போகுமே. அவங்க மண்ணாச்சே அது!"

நெரிஸா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுதிக்கொண்டேன்.

மேலாளரிடம் கேட்டபோது, "அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிற அன்பளிப்பு, அட்டர்னி. மலைக்காரங்க, கொஞ்சம் சண்டை போடுவாங்க" என்று கையை வீசினார்.

மறுநாள் காலை பதிவாளர் அலுவலகம் திறக்கும்போதே நாங்கள் வாசலில் நின்றோம். பத்திரங்களைப் பார்த்து, நில அளவை வரைபடத்தை விரித்து, மனை எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் போனாள். தொழிற்சாலைக்கு ஆறு மனை இருந்தது. குளிர் கிடங்கு நின்றது ஏழாவதில். அது ப்ளான் என்ற மலைவாழ் இனத்தைச் சேர்ந்த ஃபுலோங் குடும்பத்தின் பெயரில் சுத்தமாக இருந்தது. முப்பது வருடத்துக்கு முன் பழைய முதலாளியும் அந்த அம்மாவின் புருஷனும் வாய்வார்த்தையில் பேசிக்கொண்டது. தாளில் ஒரு வரி கிடையாது.

"மில்லாக்கா, நாற்பது பெட்டியில இது எங்கேயும் இல்ல" என்றாள். சான்றிட்ட நகல் கேட்டு அங்கேயே மனு எழுதிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் மணிலாவில் இரண்டு தரப்பும் உட்கார்ந்தோம். கொரிய நிறுவனத்தின் சார்பில் திரு. ஹான். விற்பவர்களுக்கு அட்டர்னி தெஹானோ. வக்கீல்கள் மத்தியில் பெரிய பெயர், குரலே ஒரு மேஜை அகலம். நெரிஸா விஷயத்தை ஆரம்பித்ததுமே அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"அட்டர்னி பலாகித், தோல் உரிக்கிற பொம்பளைங்க பேச்சைக் கேட்டுட்டு வந்து இந்த மேஜையில வைக்கிறீங்களே!"

பாக்கி தலையைக் குனிந்துகொண்டான். நெரிஸா நின்றபடியே பதில் சொன்னாள்.

"ஆமா சார். எங்கம்மாவும் தோல் உரிச்சவங்கதான். அவங்க சொன்னதை நான் அப்படியே நம்பல. போய்ப் பார்த்தேன்." சான்றிட்ட பத்திர நகலை அவர் முன்னால் நகர்த்தினாள். அதன் மேல் வரைபடத்தை விரித்தாள். "இந்த மிர்ஜிர் முடிஞ்சா எங்க ஆளுங்க கைக்குத் தொழிற்சாலை வரும், மீனை வைக்க இடம் வராது. அந்தம்மா நாளைக்கே கேட்டைப் பூட்டலாம். சட்டம் அவங்க பக்கம்."

'மிர்ஜிர்' என்றதற்கு அன்று யாரும் சிரிக்கவில்லை. தெஹானோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பக்கத்திலிருந்த தன் ஆளிடம் ஏதோ முணுமுணுத்தார். அவன் முகம் வெளுத்துப்போனது.

திரு. ஹான் லெஸாமாவிடம் திரும்பி, "இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்டார். லெஸாமா நாற்காலியைத் திருப்பி நெரிஸாவைப் பார்த்தார்.

"முதல்ல ஃபுலோங் குடும்பத்தோட இருபத்தஞ்சு வருஷக் குத்தகை எழுத்துல வரணும், நியாயமான வாடகைக்கு. அவங்களுக்குத் தனி வக்கீல் இருக்கணும், பின்னாடி யாரும் ஏமாத்திட்டாங்கன்னு சொல்லக் கூடாது. அது கையெழுத்தாகாம விற்பனை இல்ல. இன்னொண்ணு, தொழிலாளிகளோட பழைய சர்வீஸ் வருஷங்கள் அப்படியே தொடரணும்."

"அது எதற்கு?" என்றார் ஹான். "சட்டப்படி கட்டாயமா?"

"சட்டத்தை விடுங்க சார், உங்க லாபத்துக்குச் சொல்றேன். சூரையில கறுப்புச் சதையை மட்டும் பிரிச்சு, வெள்ளை உடையாம எடுக்கணும்னா கை மூணு வருஷம் பழகணும். எனக்கு நாலு வருஷத்துலயும் எங்கம்மா வேகம் வரல. அவங்க வருஷத்தை அழிச்சீங்கன்னா, பக்கத்துத் தொழிற்சாலை அடுத்த வாரமே வேன் அனுப்பும். நீங்க மிஷினை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க."

ஹான் பேனாவை எடுத்து, இரண்டையும் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

ஏழு வாரத்தில் எல்லாம் முடிந்தது. குத்தகைப் பத்திரத்தில் திருமதி ஃபுலோங் ஒரு நிபந்தனை போட்டார்: வாடகை வாடகைதான், இரண்டு சூரையும் வருடா வருடம் வரவேண்டும். அதையும் ஒரு ஷரத்தாக எழுதினோம். தொழிற்சாலையில் ஒருவருக்கும் ஒரு வருடமும் குறையவில்லை. கையெழுத்தான அன்று தெஹானோ மேஜையைச் சுற்றி வந்து நெரிஸாவிடம் கை கொடுத்து, "அன்னிக்கு நான் பேசினது தப்பு, அட்டர்னி" என்றார். மறுமாதம் தன் அலுவலகத்துக்கே வேலைக்குக் கூப்பிட்டார். அவள் போகவில்லை.

அதற்குப் பிறகு கொரியர்கள் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தால் லெஸாமாவைக் கேட்பதில்லை. "அட்டர்னி பலாகித் இருக்கிறாரா?" என்றுதான் கேட்பார்கள். இணைப்பு கொடுக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். நானும் தோந்தோ குடிசைப் பகுதிச் சந்துக்காரிதானே.

முப்பத்தைந்து வயதில் அவளைப் பங்குதாரராக அறிவித்தார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்த வயதில் யாரும் ஆனதில்லை. அலுவலகத்திலேயே நடந்த விருந்துக்கு அவள் அப்பா அம்மாவை வரவழைத்தாள். தோதோய் புது பாரோங் சட்டையில் விறைப்பாக நின்றார். பழக்கதோஷம், ஒரு தோள் மட்டும் சரிந்தே இருந்தது. லெஸாமா அவரிடம் போய், "வணக்கம் சார், உங்க பொண்ணுக்கு நான்தான் மேலதிகாரின்னு இனிமே சொல்லிக்க முடியாது" என்றார். தோதோய் அவர் கையை விடாமல் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

விருந்து பாதியில் இருக்கும்போது என் மேஜையில் அழைப்பு மணி அடித்தது. நெரிஸாவின் புது அறையிலிருந்து. அவள் இங்கே நின்று லெச்சோன், அதாவது சுட்ட பன்றிக்கறி, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், அங்கே யார்? ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

பெரிய தோல் நாற்காலியில் கொன்சிங் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வலிக்கும் முழங்காலை நீட்டியிருந்தாள். ஒரு விரல் இன்னும் மேஜையிலிருந்த அழைப்புப் பொத்தான் மேல்.

"என்னம்மா வேணும்?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம் தாயி" என்றாள், உடைந்த தகலோக்கில். "அமுக்கினா யாராச்சும் வராங்களான்னு பார்த்தேன்."

இருவரும் சிரித்துச் சிரித்து, விருந்திலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கும்படி ஆகிவிட்டது.