சிவப்பு நூல்

தையற்கடை மாஸ்டர் காலையில் கடையைத் திறந்ததும் ரேடியோவைப் போட்டார். காதல் முறிந்த யாரோ அனுப்பிய கவிதையை ரேடியோவில் வாசித்தார்கள். பெயர் சொல்லவில்லை.

"இடப்பக்கப் பொத்தான்களில் கடைசிப் பொத்தானுக்கு
உள்ளே சிவப்பு நூலிட்டேன்.
நீ பார்க்க மாட்டாய் என்றுதான் இட்டேன்."

கடை வாசலில் வண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர் சிரித்தார். "எவனோ கம்பி நீட்டிட்டான் மாஸ்டர். பொண்ணு புலம்புது."

மாஸ்டர் சிரிக்கவில்லை. கடைசிப் பொத்தானுக்குச் சிவப்பு நூல் என்பது அவர் கடையின் ரகசிய அடையாளம். வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. பொத்தான் தைப்பவள் மகள். அவளுக்குச் சம்பந்தம் பேசி முடிக்க நாளை நல்ல இடத்திலிருந்து வருகிறார்கள். மகனை அவர் நினைக்கவே இல்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று போன வருடம் கேட்டான். குடும்பத்துக்கு ஒத்துவராது என்றார். மறுபேச்சில்லாமல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டான். ஆண்பிள்ளை, அன்றே தலைமுழுகியிருப்பான்.

மதியம் வீட்டுக்குப் போனவர் மகளை ஓரக்கண்ணால் அளந்தார். ஏதோ முணுமுணுத்தபடி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அதுவும் சரியாகப் படவில்லை.

"ரேடியோவுல கவிதை கேட்டியா?"

"கேட்டேன்பா. அம்மாகூட அழுதுட்டாங்க."

"யாரு அவன்?"

"எவன்?"

"நடிக்காதே. நாளைக்கு வர்றவங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது? சிவப்பு நூல் வேற யாருக்குத் தெரியும்?"

மகள் ஊசியைக் கீழே வைத்தாள். உள்ளேயிருந்து மனைவி வந்தாள். "இத்தனை வருஷமா தைக்கிறீங்க. இடப்பக்கம் பொத்தான் யாரு சட்டைக்கு வெப்பீங்க?"

மாஸ்டரின் கை தன் சட்டைக்குப் போனது. வலப்பக்கம். இடப்பக்கம் வைப்பது பெண்களுக்கு.

"அந்த மருந்துக்கடைப் பொண்ணோட வெள்ளைக் கோட்டை உங்க பையன்தான் தைச்சான். யாரு அழுததுன்னு நீங்க துப்பறியுறீங்க. அவன் ஒரு வருஷமா பாதிச் சாப்பாட்டுல எந்திரிக்கிறதை நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

மாஸ்டர் சாப்பிடாமல் கடைக்குத் திரும்பினார். மகன் துணி வெட்டிக்கொண்டிருந்தான்.

"கவிதையில பேரைக் காணோமே."

மகன் நிமிரவில்லை. "தங்கச்சிக்கு நாளைக்குப் பேசி முடிக்கணும். நம்ம குடும்பப் பேரு கெடக்கூடாதுல்ல."

அது அவருடைய பேச்சு. மகன் வாயிலிருந்து கேட்கக் கனமாக இருந்தது.

"நாளைக்கு அவங்க கிளம்பினதும் அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போறோம்," என்றார். "நல்ல சட்டையா போட்டுக்கோ."

கத்தரிக்கோல் நின்றது.

"எதுக்குப்பா? சண்டை போடவா?" என்றான் மகன், அவரைச் சந்தேகமாகப் பார்த்து.